கொடுத்தவருக்குச் சேர வேண்டிய கணக்கு: ஆதரவாளர் மடல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தொண்டு நிறுவனங்களிலும் அறக்கட்டளைகளிலும் ஆதரவாளர்களுக்கு மின்மடல் எழுதும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,



ஆதரவாளர் மடலின் முதல் வேலை, கொடுத்த பணமும் நேரமும் என்ன ஆயின என்று சொல்வது. மறுபடி கேட்பது இரண்டாவது வேலைதான். இந்த வரிசை தலைகீழான மடல்கள் திறக்கப்படாமலே கிடக்கின்றன. ஊர்த் திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடித்துக் கோயில் சுவரில் ஒட்டுகிறார்கள். யார் எவ்வளவு வரி கொடுத்தார், பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். வரி கொடுத்தவர் அதன்முன் நின்று தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். மறு ஆண்டு வசூலுக்குப் போகிறவர்களுக்கு அந்த நோட்டீஸ்தான் முகவுரை. ஆதரவாளர் மடலும் அந்த வகையைச் சேர்ந்ததே.

மடலைப் பெறுவோர் ஒரே கூட்டம் அல்லர். மாதம் தவறாமல் சிறு தொகை அனுப்புபவர் ஒருவர். பிள்ளையின் பிறந்தநாளுக்கோ பெற்றோரின் நினைவு நாளுக்கோ ஒரு வேளை உணவுக்குப் பணம் கட்டியவர் இன்னொருவர். வார இறுதியில் வந்து பாடம் சொல்லிக் கொடுக்கும் தன்னார்வலர், அந்த நிறுவனத்தில் முன்பு படித்து வெளியேறியவர், சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து தொகை ஒதுக்கும் கம்பெனியின் அதிகாரி என்று பட்டியல் நீளும். இவர்கள் அறிய விரும்புவதும் வேறுபடும். நினைவு நாள் உணவுக்குக் கொடுத்தவருக்கு அந்த நாளில் என்ன சமைத்துப் பரிமாறப்பட்டது என்ற ஒரு வரி போதும். கம்பெனி அதிகாரிக்கு அட்டவணை வேண்டும். ஆகவே முகவரிப் பட்டியலைக் குறைந்தது மூன்றாகப் பிரித்து வைப்பது நல்லது: மாதந்தோறும் கொடுப்பவர்கள், எப்போதாவது கொடுத்தவர்கள், உழைப்பைத் தருபவர்கள். மடலின் உடல் ஒன்றாகவே இருக்கலாம். முதல் பத்தி மட்டும் மூன்று வகைக்கும் மாறினாலே, தனக்கு எழுதிய மடல் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

பட்டியல் எப்படிச் சேர்ந்தது என்பது அடுத்த கேள்வி. வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எடுத்த முகவரிகளும், வேறொரு சங்கம் கொடுத்த எக்செல் கோப்பும், கல்யாண மண்டபத்து வருகைப் பதிவேடும் பட்டியல் ஆகா. இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் அச்சட்டம், ஒப்புதல் என்பது தடையின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும் என்கிறது. எதற்காகத் தரவு கேட்கப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். தமிழும் அவற்றில் ஒன்று. ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. நன்கொடை ரசீதுப் படிவத்தின் அடியில், "எங்கள் மடலை மின்னஞ்சலில் பெற விரும்புகிறேன்" என்று ஒரு கட்டம் போட்டு, அதில் டிக் அடித்தவர்களை மட்டும் சேர்ப்பது நேர்வழி. கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது ஒப்புதல் ஆகாது. பட்டியல் சிறுத்துப் போனாலும் அதில் மிஞ்சுபவர்கள் படிப்பவர்களாக இருப்பார்கள்.

உள்ளடக்கத்துக்கு வரும்போது, ஒரு மடலுக்கு ஒரு கதை, ஒரு கணக்கு, ஒரு வேண்டுகோள் என்ற அளவே போதுமானது. தமிழ்நாட்டு அறக்கட்டளை மடல்களில் வழக்கமாக இடத்தை அடைப்பவை குத்துவிளக்கு ஏற்றும் படமும் பொன்னாடை போர்த்தும் படமும்தான். சிறப்பு விருந்தினர் யார், வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்ற விவரம் விழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குத் தேவையில்லை. இந்த விவரங்களை ஒரு வரிக்குச் சுருக்கினால் சொல்ல வேண்டியதற்கு இடம் கிடைக்கும்.

மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஓர் அறக்கட்டளையை மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். வழக்கமான மடலின் தலைப்பு "செய்திமடல் – இதழ் 14" என்றிருக்கும். உள்ளே, "எமது அறக்கட்டளை கடந்த காலாண்டில் பல்வேறு கல்வி மேம்பாட்டுப் பணிகளைச் செவ்வனே மேற்கொண்டது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்று தொடங்கும். இந்த வாக்கியத்தை எந்த நிறுவனமும் எந்த ஆண்டும் எழுதலாம். அதே மையம், அதே காலாண்டு, இப்படியும் எழுதப்படலாம். தலைப்பு: "கரண்டு போனாலும் இனி வகுப்பு நடக்கும்". உள்ளே: "மின்சாரம் நின்றால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று போன மடலில் எழுதியிருந்தோம். நீங்கள் அனுப்பிய தொகையில் இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று. பொருத்துக் கூலியோடு 24,500 ரூபாய். பில்லின் படம் கீழே உள்ளது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் இப்போது அரை மணி நேரம் கூடுதலாக இருந்து சொல்லிக் கொடுக்கிறார்."

இரண்டாவது மடலில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. போன மடலில் சொன்ன குறை, அதற்கு வந்த பணம், வாங்கிய பொருள், அதன் விலை, அதனால் நேர்ந்த மாற்றம் ஆகிய ஐந்தும் ஐந்து வரிக்குள் அடங்கிவிட்டன. "நாங்கள் செய்தோம்" என்பதன் இடத்தில் "நீங்கள் அனுப்பியதில்" என்பது வந்திருக்கிறது. தொடர்ச்சியும் கிடைத்துவிட்டது: போன மடலைப் படித்தவருக்கு இந்த மடலில் பதில் இருக்கிறது, இதைப் படித்தவர் அடுத்ததை எதிர்பார்ப்பார். நினைத்த காரியம் நடக்காமல் போனாலும் இதே முறைதான். ஆசிரியர் கிடைக்காமல் ஒரு மையத்தை மூட நேர்ந்தால், மூடியதையும், மீதித் தொகை எங்கே இருக்கிறது என்பதையும், அடுத்து அதை என்ன செய்வதாக உத்தேசம் என்பதையும் எழுதிவிட வேண்டும். அதைப் பின்னால் வேறொருவர் வாயால் கேட்கும் ஆதரவாளர் திரும்பி வரமாட்டார்.

ஒருவரின் கதையா, எண்ணிக்கையா என்பதில் ஆய்வாளர்கள் கண்டது கவனிக்கத் தக்கது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், ஆப்பிரிக்கப் பட்டினியின் புள்ளிவிவரங்களைப் படித்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துத் தந்தபோது கொடை குறைந்தது. கதை மேலே, எண் கீழே என்று பிரித்து வைப்பதற்கு இது போதுமான காரணம். எண்ணை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கதை படிக்க வைக்கிறது. நம்பிக்கையைக் கணக்குதான் காக்கிறது.

கதை சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. கண்ணீர் வடியும் முகம், கிழிந்த சட்டை, கையேந்தும் பிள்ளை ஆகிய படங்கள் பணம் கொண்டுவரலாம். படத்தில் இருப்பவரின் மானத்தை அவை விலையாகக் கேட்கின்றன. படத்தில் இருப்பவர் தானே அந்த மடலைப் படித்தால் என்ன நினைப்பார் என்று கேட்டுப் பார்த்தாலே எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது விளங்கும். குழந்தைகள் விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, விசாரணை அல்லது வழக்கு நடவடிக்கை பற்றிய செய்தியில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. செய்தித்தாளோடு நிற்காமல் பிற தகவல் தொடர்பு வடிவங்களையும் அப்பிரிவு சேர்த்துச் சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் இல்லங்களின் பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வழியாக வருபவர்கள். எனவே இல்லம் நடத்துவோர் பிள்ளைகளின் முகத்தைத் தவிர்த்து, அவர்கள் வரைந்த ஓவியம், நட்ட செடி, அடுக்கி வைத்த புத்தகம் ஆகியவற்றைப் படமாக்குவதே பாதுகாப்பு. பெயரை மாற்றி எழுதினால், மாற்றியிருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

அனுப்புநர் பெயரும் தலைப்பும்தான் மடல் திறக்கப்படுமா என்பதை முடிவு செய்கின்றன. நிறுவனத்தின் பெயர் மட்டும் இருப்பதைவிட, பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் சேர்ந்திருப்பது நல்லது. பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து நன்றி சொல்வது முறையல்ல. தலைப்பு கைப்பேசித் திரையில் பாதியில் வெட்டப்படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆகவே நான்கைந்து சொற்களுக்குள் செய்தி முடிந்துவிட வேண்டும். தலைப்பை அடுத்து இன்பாக்ஸில் மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரியைப் பலர் கண்டுகொள்வதில்லை. அதைத் தனியே எழுதி வைக்காவிட்டால், "இந்த மடல் சரியாகத் தெரியவில்லையா?" போன்ற வார்ப்புரு வாசகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தமிழில் அனுப்பும் மடலுக்கென்று சில தொழில்நுட்பக் கவலைகளும் உள்ளன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் படிப்பவர் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஒட்ட வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மின்மடலில் 3 பைட் இடம் எடுக்கும், ஆங்கில எழுத்துக்கு 1 பைட். "அறம்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு அது நான்கு குறியீடு, 12 பைட். ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலைப் பாதியில் வெட்டி, முழுவதையும் பார்க்க ஒரு சுட்டியை வைத்துவிடும். ஆயிரம் சொல் கொண்ட தமிழ் மடலுக்கு எழுத்து மட்டுமே ஏறக்குறைய 30 கிலோபைட் ஆகிவிடும். வேர்டு கோப்பிலிருந்து நேரடியாக ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத நிரல் வரிகள் மிச்சத்தை நிரப்பும். வெட்டுப்படுவது மடலின் அடிப்பகுதி. நன்கொடைச் சுட்டியும் விலகல் சுட்டியும் வழக்கமாக இருப்பது அங்கேதான். வெறும் எழுத்தாக ஒட்டி, பின்பு வடிவமைப்பதே இதற்கு மருந்து.

முழு மடலையும் போஸ்டராக வடிவமைத்து ஒரே படமாக அனுப்புவது இங்கே பரவலான பழக்கம். படங்களைத் தடுத்து வைத்திருக்கும் பெட்டியில் அது வெற்றுக் கட்டமாகத் தெரியும். பார்வையற்றோரின் திரை வாசிப்பான் அதைப் படிக்காது. பின்னாளில் தேடினாலும் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் நிறுவனங்கள்கூட இப்படி அனுப்புவது பொருந்தாத செயல். எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். படங்கள் ஒன்றிரண்டு போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்க்கப்பட வேண்டும்.

எழுதியது போய்ச் சேர்வதற்கும் விதிகள் உண்டு. சொந்த ஜிமெயில் கணக்கில் எல்லோர் முகவரியையும் மறைநகல் கட்டத்தில் போட்டு அனுப்புவது ஆரம்பத்தில் ஓடும். அத்தகைய கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. தவறிப்போய் முகவரிகளை நகல் கட்டத்தில் போட்டுவிட்டால், நன்கொடையாளர் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலோ அதற்கு மேலோ அனுப்புவோர், மடல் உண்மையில் தம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று அடையாள ஏற்பாடுகளையும் செய்திருக்க வேண்டும். விளம்பர வகை மடல்களிலும் சந்தா மடல்களிலும் ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் என்று குறிக்கப்படும் மடல்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. சிறிய நிறுவனங்கள் 5,000-ஐ எட்டாமல் இருக்கலாம். ஆனால் சொந்த டொமைன், அடையாள ஏற்பாடு, விலகல் சுட்டி மூன்றும் எந்த அளவிலும் பயன் தருபவை. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அப்படிச் சிலர் அழுத்தினாலே மற்றவர்களுக்குப் போகும் மடலும் ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கும். அதனால் விலகல் சுட்டியைக் கண்ணில் படும்படி வைப்பது நிறுவனத்துக்கே நல்லது.

எப்போது அனுப்புவது என்பதை நிறுவனத்தின் வேலையும் ஊரின் பருவமும் சேர்ந்து தீர்மானிக்கும். மாதம் ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு தவறாமல் அனுப்புவதே முக்கியம். கல்வித் தொண்டுக்கு ஜூன் மாதப் பள்ளித் திறப்பும், பேரிடர் உதவிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையும் இயல்பான வேளைகள். 2015-இல் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் வெள்ளம் வந்தபோது வேண்டுகோள்கள் குவிந்தன. தண்ணீர் வடிந்தபின் செலவுக் கணக்கு அனுப்புவதுதான் அந்த வேலையின் கடினமான பாதி. மார்ச் மாதம் நிதியாண்டு முடிவு என்பதால் வரிச் சலுகையைக் காட்டிக் கேட்கும் மடல்கள் மொய்க்கும். அந்த மாதத்தில் கேட்பவர், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ கணக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கேட்கும்போது சொல்லும் விவரம் சரியாக இருப்பது கட்டாயம். "நூறு சதவீத வரி விலக்கு" என்று பொதுவாக எழுதுவது தவறு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் தொகையில் பாதியே, அதுவும் ஒரு வரம்புக்குள், வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்குரியது. அதில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய அடிக்குறிப்பை அப்படியே ஒட்டாமல் தணிக்கையாளரிடம் காட்டிவிட்டு எழுதுவது நல்லது. நன்கொடைச் சான்றிதழ் எப்போது வரும் என்பதையும் மடலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ள தமிழர்களுக்கு அதே மடல் போகுமானால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கிடும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால், அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெறுவதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற முடியும். எனவே வெளிநாட்டு முகவரிகளுக்குத் தனி வேண்டுகோள் வேண்டும். உள்நாட்டாருக்கும் ஒரு சிறு கவனம் தேவை. கைப்பேசியில் மடலைப் படிப்பவர், அதே திரையில் உள்ள க்யூஆர் குறியீட்டை அதே கைப்பேசியின் கேமராவால் படிக்க முடியாது. பக்கத்தில் யுபிஐ முகவரியையும் எழுத்தில் தர வேண்டும்.

பயனை அளப்பதில் ஒரு பழைய அளவுகோல் பழுதாகிவிட்டது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை மடலில் மறைந்திருக்கும் ஒரு சின்னப் படம் சொல்லிவந்தது. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு ஏற்பாடு, படிப்பவர் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. ஆகவே திறப்பு விகிதத்தை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளலாம். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் சுட்டியை அழுத்தினார்கள், முதல்முறை கொடுத்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை கொடுத்தார்கள் என்பவையே நம்பத்தக்க அளவுகள். பதில் எழுதியவருக்கு ஒரு மனிதர் உட்கார்ந்து மறுபதில் எழுத வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லாத நிறுவனம் பட்டியலைப் பெருக்காமல் இருப்பதே மேல்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்து முடிக்க வேண்டியதில்லை. டொமைனும் அடையாள ஏற்பாடும் ஒருமுறை செய்தால் போதுமான வேலை. பட்டியலைச் சுத்தம் செய்வது ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு மடலுக்கும் உரிய வேலை ஒன்றே: போன முறை கேட்டதில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, மீதி எவ்வளவு என்பதை முதலில் எழுதுவது. அந்த மூன்றுக்கும் விடை இல்லாத மாதத்தில் புதிய வேண்டுகோளை வைக்க வேண்டாம் என்பதே இம்மடலின் கோரிக்கை.